பல்கலைக்கழகப் பெயரோடு வரும் சமூக ஆலோசனை நிறுவனம்: பின்னால் இருப்பவர்கள் யார்?

வாயனசாலைச் செயலர், கொழிஞ்சாம்பாறை

அனைவருக்கும் வணக்கம். கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் இருக்கும் எங்கள் வாயனசாலைக்கு, அதாவது ஊர் நூலகத்துக்கு, சென்ற வாரம் ஒரு கடிதம் வந்தது. மேலே ஒரு பல்கலைக்கழகத்தின் முத்திரையும், அதற்குக் கீழே பொடி எழுத்தில் ஓர் ஆலோசனை நிறுவனத்தின் பெயரும் இருந்தன. ஒரு பெரிய கம்பெனி தன் சமூகப் பொறுப்பு நிதியிலிருந்து எங்கள் பகுதியில் அமைத்துக் கொடுத்த குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களும், பெண்களுக்கு நடத்திய தையல் பயிற்சியும் என்ன பயன் தந்தன என்று மதிப்பிடப் போகிறார்களாம். தமிழும் மலையாளமும் பேசத் தெரிந்த ஆறு இளைஞர்களை நாங்கள் பார்த்துக் கொடுக்க வேண்டும். கட்டடத்தையும் நான்கு நாட்களுக்கு விட்டுத்தர வேண்டும்.

கமிட்டி இரண்டாகப் பிரிந்துவிட்டது. பேராசிரியர்கள் நடத்துவதைச் சந்தேகப்படுவது நமக்கு அழகல்ல என்று ஒரு தரப்பு சொல்கிறது. மற்றத் தரப்பு பிளாச்சிமடையை எடுத்துக்கொண்டு வருகிறது. பிளாச்சிமடை இருக்கும் பெருமாட்டி எங்களுக்கு அடுத்த பஞ்சாயத்து என்பதால் அந்தக் கதை இங்கே யாருக்கும் மறக்கவில்லை. அங்கே 2000இல் தொடங்கிய குளிர்பான ஆலைக்கு எதிராக 2002 ஏப்ரலில் ஆதிவாசிப் பெண்கள் பந்தல் போட்டு உட்கார்ந்தார்கள். 2003இல் பி.பி.சி. வானொலி எடுத்துச் சென்ற கழிவு மாதிரிகளை இங்கிலாந்தின் எக்ஸிட்டர் பல்கலைக்கழக ஆய்வகம் சோதித்து, உரம் என்று விவசாயிகளுக்குக் கொடுத்த சேற்றில் காரீயமும் காட்மியமும் இருப்பதாகச் சொன்னது. 2005இல் கோழிக்கோட்டு நீர்வள ஆய்வு மையத்தின் தலைமையிலான குழுவின் அறிக்கையை வைத்து, ஆலை நாளொன்றுக்கு 5 லட்சம் லிட்டர் நிலத்தடி நீர் எடுக்கலாம் என்று உயர் நீதிமன்றம் அனுமதித்தது. 2010இல் மாநில அரசின் உயர்மட்டக் குழு ஆலையால் 216.26 கோடி ரூபாய் நஷ்டம் என்று கணக்கிட்டது. எல்லோரும் படித்தவர்கள்தான், எல்லாமே ஆய்வுதான். ஆகவே எங்கள் ஊரில் ஆய்வு என்றாலே, யார் அனுப்பினார்கள் என்ற கேள்வி தானாக வந்துவிடும்.

நான் அவர்களுடைய இணையதளத்தில் ‘எங்கள் குழு’ என்ற பக்கத்தைப் பார்த்தேன். இரண்டு பேராசிரியர்கள், வெளிநாட்டில் படித்த சில இளைஞர்கள், ஓய்வுபெற்ற ஓர் அதிகாரி என்று பதினொரு படங்கள் இருந்தன. பதினொன்றாவது படத்தில் இருப்பது ஒரு நாய். ‘மகிழ்ச்சி அலுவலர்’ என்று பதவியும் கொடுத்திருக்கிறார்கள். நாயின் பெயர் இருக்கிறது, வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்பவர்களின் பெயர் எங்கும் இல்லை. இப்படிப்பட்ட நிறுவனங்களின் பின்னால் உண்மையில் யார் இருக்கிறார்கள் என்பதை எப்படித் தெரிந்துகொள்வது? அனுபவம் உள்ளவர்கள் விரிவாக எழுதினால் கமிட்டியில் வாசித்துக் காட்டுவேன்.

சித்தூர் மாஷ்

செயலர் அவர்களுக்கு, முப்பது ஆண்டுகள் சமூகப்பணிப் பாடம் நடத்தியவன் என்ற முறையில் சொல்கிறேன். முதலில் அந்த முத்திரையின் பொருளைக் கேட்டு வாங்குங்கள். பல்கலைக்கழகமே ஆலோசனைப் பணியை ஏற்று, கட்டணத்தைத் தன் கணக்கில் வாங்கி, ஆசிரியருக்கு ஒரு பங்கு கொடுப்பது ஒரு வகை. அங்கே தவறு நடந்தால் பதிவாளரைக் கேட்கலாம். ஆசிரியர் தனியாக ஒரு டிரஸ்டையோ, லாப நோக்கமற்ற எட்டாம் பிரிவுக் கம்பெனியையோ, சாதாரணப் பிரைவேட் லிமிடெட் கம்பெனியையோ பதிவு செய்துகொண்டு, பல்கலைக்கழகத்தோடு ஒரு புரிந்துணர்வு ஒப்பந்தம் வைத்திருப்பது இன்னொரு வகை. இதில் பதிவாளருக்குப் பெரும்பாலும் பொறுப்பு இருக்காது. முன்னாள் மாணவர்கள் நான்கு பேர் சேர்ந்து நடத்துவதற்குப் பழைய ஆசிரியர் ‘வழிகாட்டி’ என்று பெயர் மட்டும் கொடுத்திருப்பதும் உண்டு. மூன்றையும் கடிதத் தாளில் பார்த்தால் ஒன்றுபோலவே இருக்கும். கம்பெனியாக இருந்தால் இயக்குநர்களின் பெயர்களை மத்தியக் கம்பெனி விவகார அமைச்சகத்தின் இணையதளத்தில் யாரும் பார்க்கலாம். நூறு ரூபாய் கட்டினால் அவர்கள் தாக்கல் செய்த கணக்கையும் படிக்கலாம். வெளிநாட்டு நன்கொடை வாங்கும் அமைப்புகளின் ஆண்டறிக்கையை 2022 வரை உள்துறை அமைச்சகத்தின் தளத்தில் யாரும் பார்க்க முடிந்தது.

இதைச் சொன்னதற்காகப் பேராசிரியர்களை எல்லாம் சந்தேகக் கண்ணோடு பார்க்கச் சொல்கிறேன் என்று எண்ண வேண்டாம். கேரளத்திலேயே நல்ல முன்மாதிரி இருக்கிறது. தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரியிலும் பிறகு லண்டனிலும் படித்த பொருளாதார அறிஞர் கே.என். ராஜ், முதல் ஐந்தாண்டுத் திட்டத்தில் பணியாற்றி, டெல்லிப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்துவிட்டு, 1970களின் தொடக்கத்தில் திருவனந்தபுரத்தில் வளர்ச்சி ஆய்வு மையத்தை (ஆங்கிலச் சுருக்கத்தில் சி.டி.எஸ்.) உருவாக்கினார். (எங்கள் ஊர்ப் பெண்களிடம் சி.டி.எஸ். என்றால் குடும்பஸ்ரீ என்ற பெண்கள் சுயஉதவி இயக்கத்தின் பஞ்சாயத்து அளவிலான சங்கம்தான் என்று புரிந்துகொள்வார்கள். அறிஞர்களுக்கு அது உள்ளூரில் இருக்கும் இந்த மையம். ‘உள்ளூர்’ என்பது திருவனந்தபுரத்தில் ஓர் இடத்தின் பெயர் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.) அந்த வளாகத்தைக் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் பூசாத செங்கல்லில் கட்டினார். 1985இல் ராஜும் பேக்கரும் முன்னாள் முதலமைச்சர் அச்சுத மேனனும் டி.ஆர். சந்திரதத்தும் சேர்ந்து திருச்சூரில் காஸ்ட்ஃபோர்டு என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். குறைந்த செலவில் வீடு கட்ட ஆலோசனை சொல்லிக் கட்டியும் கொடுக்கும் அந்த அமைப்பில், யார் பின்னால் இருக்கிறார்கள் என்று யாரும் தேட வேண்டியிருந்ததில்லை. பேக்கர் கொத்தனாரோடு வெயிலில் நிற்பார். வீடு ஒழுகினால் யாரிடம் போய்க் கேட்பது என்பது வீட்டுக்காரருக்குத் தெரியும்.

கள ஆய்வுக்கு அதைவிடப் பழைய உதாரணம் ஒன்று உண்டு. 1915இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பொருளாதாரப் பேராசிரியராக வந்த கில்பர்ட் ஸ்லேட்டர், விடுமுறைக்கு ஊருக்குப் போகும் மாணவர்களிடம் கேள்வித்தாளைக் கொடுத்து அவரவர் ஊரை அவரவரே ஆராய்ந்து எழுதச் செய்தார். தூசி, கங்கைகொண்டான், இருவேல்பட்டு, பாலக்குறிச்சி என்று அந்த ஊர்களை 1930களில் பொருளாதாரப் பேராசிரியர் பி.ஜே. தாமஸின் வழிகாட்டுதலில் திரும்பவும் ஆய்வு செய்தார்கள். 1980களில் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனமும் சில ஊர்களுக்குப் போனது. நூறு ஆண்டு கழித்தும் அந்தத் தகவலுக்கு மதிப்பு இருப்பதற்கு முக்கியக் காரணம், எழுதியவர் அந்த ஊர்ப் பிள்ளை என்பதுதான் என்பது என் கருத்து.

கோவைக் கணக்கர்

மாஷ் சொன்னதோடு சட்டப் பக்கத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2013ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தின் 135ஆம் பிரிவின்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேல் நிகர மதிப்போ விற்றுமுதலோ லாபமோ உள்ள கம்பெனிகள் முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். 2021 ஜனவரியில் வந்த திருத்த விதிகள், இந்தக் கடமைத் தொகை சராசரியாக 10 கோடியோ அதற்கு மேலோ உள்ள கம்பெனிகள், 1 கோடிக்குக் குறையாத திட்டங்களை, அவை முடிந்து ஓராண்டாவது ஆன பிறகு, சார்பற்ற நிறுவனம் ஒன்றைக் கொண்டு மதிப்பிட வேண்டும் என்று கட்டாயமாக்கின. நாட்டில் இத்தனை சமூக ஆலோசனை நிறுவனங்கள் முளைத்ததற்கு இந்த விதி ஒரு பெரிய காரணம். மதிப்பீட்டுச் செலவை, அந்த ஆண்டின் மொத்தச் சமூகப் பொறுப்புச் செலவில் 2 சதவீதம் அல்லது 50 லட்சம், இவற்றில் எது அதிகமோ அதுவரை அதே கணக்கில் எழுதிக்கொள்ளலாம் என்று 2022இல் தளர்த்தினார்கள்.

சார்பற்ற நிறுவனத்தைத் தேர்ந்தெடுப்பதும், அதற்குப் பணம் கொடுப்பதும் மதிப்பிடப்படும் கம்பெனிதான் என்பதை மட்டும் மனத்தில் வையுங்கள். எங்கள் தணிக்கைத் தொழிலும் இதே ஏற்பாட்டில்தான் நடக்கிறது. ஆகவே குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. உங்களுக்குப் பயன்படும் ஒரு செய்தி: அந்த மதிப்பீட்டு அறிக்கையை இயக்குநர் குழுவின் முன் வைத்து, ஆண்டறிக்கையோடு இணைக்க வேண்டும் என்று விதி சொல்கிறது. அதாவது உங்கள் ஊரைப் பற்றி என்ன எழுதினார்கள் என்பதை நீங்கள் தேடிப் படிக்கலாம். ஆங்கிலத்தில் இருக்கும் என்பது வேறு விஷயம்.

குப்பம் முக்கூட்டு

ஒரு சிறு ஐயம். சித்தூர் மாஷ் எந்தச் சித்தூர்? எங்கள் மாவட்டத் தலைநகரமும் சித்தூர்தான்.

சித்தூர் மாஷ்

பாலக்காட்டுச் சித்தூர், ஐயா. அரசுக் கல்லூரியில் தமிழ்த்துறை இருக்கும் சித்தூர்.

படிவக்காரி

நான் எருத்தேம்பதிக்காரி. பட்டப்படிப்பு முடித்த கையோடு இரண்டு ஆண்டுகள் இதே வேலையைப் பார்த்தேன். எந்த நிறுவனம் என்பது இங்கே வேண்டாம். பேராசிரியர் ஒருவர்தான் தலைவர். அவர் நல்லவர், பயிற்சியின் முதல் நாள் எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டவர். அதன் பிறகு அவரை நாங்கள் பார்க்கவில்லை.

கேள்வித்தாளை ஆங்கிலத்தில் தயாரித்து, கொச்சியில் மலையாளத்துக்கு மாற்றி, அதிலிருந்து தமிழுக்குக் கொண்டுவந்திருந்தார்கள். கடைசிக் கட்டத்தில் யாரோ அவசரத்தில் எழுத்தை மட்டும் மாற்றிவிட்டார்கள் போலிருக்கிறது. டேப்லெட்டில் ஒன்பதாவது கேள்வி இப்படி இருந்தது: ‘உங்கள் வீட்டுக்கு எத்தனை நாட்களுக்கு ஒருமுறை வெள்ளம் வருகிறது?’ மலையாளத்தில் வெள்ளம் என்றால் தண்ணீர் என்பது எங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இருந்தாலும் தமிழில் வாசித்துக் கேட்டால் தமிழில்தானே பதில் வரும்? மழை மறைவுப் பகுதியான எங்கள் ஊரில், ஆழியாற்றுத் தண்ணீரை எதிர்பார்த்து ஆண்டு முழுவதும் வாய்க்காலைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு பாட்டி சொன்னது இன்றும் காதில் இருக்கிறது. “வெள்ளம் வந்தாச் சொல்லியனுப்பறோம் கண்ணு, மொதல்ல தண்ணி வரட்டும்.”

நான் சிரித்துவிட்டு, கேள்வியை என் வாயால் திருத்திக் கேட்டு, ‘மூன்று நாட்களுக்கு ஒருமுறை’ என்று பதிந்தேன். என்னோடு வந்த பெண், எழுதியிருப்பதை அப்படியே வாசிக்க வேண்டும் என்று பயிற்சியில் சொன்னதைக் கடைப்பிடித்து, ‘ஒருபோதும் இல்லை’ என்று பதிந்துகொண்டே போனாள். விதிப்படி அவள் செய்ததுதான் சரி. அன்று மாலை மேற்பார்வையாளரிடம் சொன்னோம். படிவம் ‘லாக்’ ஆகிவிட்டது, மாற்ற முடியாது என்றார். இரண்டு வகைப் பதில்களும் ஒரே கட்டத்தில் சேர்ந்து கொச்சிக்குப் போயின. அங்கே அவற்றைக் கூட்டிச் சராசரி எடுத்தவருக்கு எங்கள் ஊரும் தெரியாது, பாட்டியையும் தெரியாது.

கூலி படிவத்துக்கு இவ்வளவு என்று கணக்கு. கதவு பூட்டியிருந்தால் கூலி இல்லை. ஆகவே வீட்டில் ஆள் இருக்கும் வீடுகளாகவே நாங்கள் தேடிப் போனோம். தோட்ட வேலைக்கும் கட்டட வேலைக்கும் விடியலில் கிளம்பிப் போகிறவர்களின் வீடுகள் விட்டுப்போயின. இது தவறு என்று அப்போதே தெரியும். அறிக்கையின் நன்றியுரையில் எங்களை ‘உள்ளூர் உதவியாளர்கள்’ என்று ஒரே வரியில் முடித்திருந்தார்கள்.

மாஷ் சொன்னதில் ஓர் இடத்தில் மட்டும் எனக்கு மாற்றுக் கருத்து. சொந்த ஊர்ப் பிள்ளையிடம் எல்லோரும் எல்லாவற்றையும் சொல்லமாட்டார்கள். மைக்ரோ ஃபைனான்ஸ் கடன் எவ்வளவு இருக்கிறது என்று கேட்டபோது, என் தெருவில் ஒரு அக்கா “ஒண்ணுமில்ல” என்றார். வடகரப்பதியில் என்னை முன்பின் தெரியாதவர்கள் நோட்டை எடுத்து வந்து காட்டினார்கள்.

தடா சந்திப்பு

நான் இந்தத் துறையின் உள்ளே இருந்து எழுதுகிறேன். ஆந்திர எல்லையில் ஸ்ரீசிட்டிக்குப் பக்கத்தில் குடியிருக்கிறேன். 1970இல் சென்னையில் தொடங்கிய ஐ.எஃப்.எம்.ஆர். என்ற நிதி மேலாண்மை நிறுவனம் இப்போது எங்கள் பக்கத்துக் கிரியா பல்கலைக்கழகத்தோடு இருப்பது பலருக்குத் தெரியும். எம்.ஐ.டி.யில் 2003இல் அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டுஃப்ளோவும், தமிழ்நாட்டில் பிறந்த செந்தில் முல்லைநாதனும் தொடங்கிய, வறுமை ஒழிப்புத் திட்டங்களைக் கள ஆய்வால் சோதிக்கும் ஜே-பால் ஆய்வகத்தின் தெற்காசியக் கிளைக்கும் ஐ.எஃப்.எம்.ஆர்.தான் இடம் கொடுத்தது. இந்தப் பகுதியில் கள ஆய்வு வேலை தேடி வரும் இளைஞர்கள் அதிகம் என்பதற்காக இதைச் சொல்கிறேன். நான் வேலை பார்த்த இடம் இவற்றில் எதுவும் இல்லை.

படிவக்காரி அவர்கள் சொன்ன தவறுக்கு எங்கள் துறையில் மருந்து உண்டு. தமிழ்ப் படிவத்தை மூலத்தைப் பார்க்காத ஒருவரிடம் கொடுத்துத் திரும்ப ஆங்கிலத்துக்கு மாற்றச் சொல்ல வேண்டும். அப்படிச் செய்திருந்தால் அந்த வெள்ளம் முதல் நாளே பிடிபட்டிருக்கும். பத்தில் ஒரு வீட்டுக்காவது வேறொருவர் திரும்பப் போய் முக்கியமான சில கேள்விகளை மட்டும் மறுபடி கேட்க வேண்டும். இதை நாங்கள் ‘பேக் செக்’ என்போம். பூட்டிய வீட்டுக்கு வேறு வேறு நேரங்களில் குறைந்தது மூன்று முறையாவது போக வேண்டும். இவை மூன்றுக்கும் பணம் வேண்டும். ஒப்பந்தப் புள்ளி கொடுக்கும்போது முதலில் வெட்டு விழுவது இந்த மூன்றில்தான். ஏனென்றால் இவை அறிக்கையில் கண்ணுக்குத் தெரியாது. அட்டைப்படமும் வரைபடங்களும் தெரியும்.

பின்னால் இருப்பவர்கள் யார் என்று செயலர் கேட்டார். என்னைப் போன்றவர்கள்தான். பெரும்பாலும் முப்பது வயதுக்கு உட்பட்டவர்கள். ஆறு மாதம், எட்டு மாதம் என்று ஒப்பந்தம். மேல்படிப்புக்குப் பரிந்துரைக் கடிதம் தரப்போகிறவர் அதே பேராசிரியர் என்பதால் அவரோடு வாதாட வாய் வராது. பேராசிரியருக்கு வகுப்பும் தேர்வுத் தாளும் இருக்கின்றன. அவர் அறிக்கையை முதலில் பார்ப்பது நாங்கள் அனுப்பும் வரைவில்தான். நான் எழுதிய ஒரு வரைவில், பயிற்சி முடித்த பெண்களில் பலர் தையல் இயந்திரத்தை விற்றுவிட்டார்கள் என்று ஒரு பத்தி இருந்தது. கம்பெனியின் கருத்துக்குப் போய்த் திரும்பி வந்தபோது அந்தப் பத்தி ‘பயனாளிகள் தங்கள் சொத்துகளை நெகிழ்வாகப் பயன்படுத்துகின்றனர்’ என்று மாறியிருந்தது. பொய் என்று யாரும் சொல்ல முடியாது; விற்பதும் ஒரு பயன்பாடுதானே! நானும் கையெழுத்துப் போட்டேன். இதில் பேராசிரியரை மட்டும் குற்றம் சொல்ல மாட்டேன்.

1970களில் எங்களுக்கு மேற்கே வட ஆர்க்காட்டில், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகமும் சென்னைப் பல்கலைக்கழகமும் சேர்ந்து நெல் விவசாயம் பற்றி ஓர் ஆய்வு நடத்தின. அதில் பங்கேற்ற ராபர்ட் சேம்பர்ஸ், வெளியூரிலிருந்து வரும் நிபுணர்கள் தார்ச்சாலை ஓரத்து வீடுகளையே பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள் என்று பின்னாளில் எழுதினார். இன்று கிராமத்தின் உள்ளேயும் தார் வந்துவிட்டது. ஆனால் கம்பெனி கொடுக்கும் பயனாளிப் பட்டியல் ஒன்று இருக்கிறதே, அதுதான் இப்போதைய தார்ச்சாலை.

பீர்மேடு லயம்

எங்கள் பக்கத்து அனுபவத்தையும் கேளுங்கள். தேயிலைத் தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) மூன்று தலைமுறையாக இருக்கிறோம். ஒரு முறை வந்த படிவத்தில் வீடு பற்றிய கேள்விக்குச் சொந்தம், வாடகை என்று இரண்டே கட்டங்கள் இருந்தன. லயத்து வீட்டுக்கு நாங்கள் வாடகை கொடுப்பதில்லை. ஓய்வு பெற்றால் சாவியைக் கொடுத்துவிட்டு வெளியேற வேண்டும். வாடகை இல்லை என்றதும் அந்தத் தம்பி ‘சொந்தம்’ என்று தட்டிவிட்டார். அவரைத் திட்டி என்ன பயன்? எங்கள் அம்மா மட்டும் “அப்படியே பட்டாவும் எழுதிக் குடுத்துட்டுப் போங்க தம்பி” என்றார்.

படிவம் எழுதியவர் தோட்டத்துப் பிள்ளைகளில் யாரையாவது ஒருவரை, கொழுந்து நிறுக்கும் நேரத்தில் ஒரு மணி நேரம் பக்கத்தில் உட்கார வைத்திருந்தால் மூன்றாவது கட்டம் ஒன்று வந்திருக்கும். படித்த பிள்ளைகள் எங்கள் லயங்களிலும் இருக்கிறார்கள். அவர்களைப் படிவம் நிரப்பத்தான் கூப்பிடுகிறார்கள், எழுதக் கூப்பிடுவதில்லை.

குப்பம் முக்கூட்டு

மூன்று மாநிலமும் சந்திக்கும் ஊர் என்பதால் எங்கள் வீட்டுத் திண்ணையில் தமிழ், தெலுங்கு, கன்னடம் எல்லாம் ஒரே வாக்கியத்தில் கலந்து வரும். 1997இல் திராவிடப் பல்கலைக்கழகத்தை இங்கே வைத்ததற்கும் அந்த நில அமைப்பு பொருத்தமாக இருந்தது. ஆகவே மொழிச் சிக்கல் பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. சொந்த ஊர்ப் பிள்ளையா, வெளியாளா என்ற விவாதத்துக்கு மட்டும் எங்கள் மாநிலத்து அனுபவம் ஒன்றைத் தருகிறேன்.

ஊரக வேலை உறுதித் திட்டத்தில் ஆந்திரம் 2006 முதலே சமூகத் தணிக்கை நடத்தத் தொடங்கியது. 2009இல் அதற்கென்று தனிச் சங்கம் ஒன்றையும் அமைத்தது. தணிக்கை செய்ய வருகிறவர்கள் கூலி வேலை செய்யும் குடும்பங்களிலிருந்தே தேர்ந்தெடுத்துப் பயிற்சி பெற்ற இளைஞர்கள். மஸ்டர் ரோல் என்ற வருகைப் பதிவேடு எப்படி இருக்கும், இல்லாத ஆளின் பெயர் எப்படி நுழையும் என்பது அவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அதே சமயம் அவர்களைச் சொந்த ஊருக்கு அனுப்புவதில்லை. வேறு ஊருக்கு அனுப்புவார்கள். அந்த வாழ்க்கையை அறிந்தவர், ஆனால் அந்த ஊர்ச் சர்பஞ்சுக்கோ உறவினருக்கோ பயப்பட வேண்டாதவர். படிவக்காரி அம்மா வடகரப்பதியில் கண்டது இதைத்தான்.

முடிவில் மண்டலத் தலைமையிடத்தில் பொது விசாரணை நடக்கும். அறிக்கையைச் சாமியானாப் பந்தலில் வாய்விட்டு வாசிப்பார்கள். பெயர் இடம்பெற்றவர் எழுந்து நின்று ‘ஆமாம், எனக்குக் கூலி வரவில்லை’ என்றோ ‘இல்லை, வந்தது’ என்றோ சொல்லலாம். கண்டுபிடித்த தொகையில் திரும்பி வந்தது கொஞ்சமே என்பதையும் மறைக்கக் கூடாது. ஆனாலும் தன் ஊரைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் யாரும் அங்கிருந்து வீட்டுக்குப் போவதில்லை. பல்கலைக்கழகத்து நிறுவனங்கள் இதைச் செய்து நான் பார்த்ததில்லை. பேராசிரியரின் பெயரைவிட, அவர் அந்தப் பந்தலில் வந்து உட்காருவாரா என்பதைக் கேட்கச் சொல்லி உங்கள் கமிட்டிக்குச் சொல்லுங்கள்.

கோவைக் கணக்கர்

குப்பம் நண்பர் சொல்வது வேலை உறுதித் திட்டத்துக்குச் சட்டம் கொடுத்த உரிமை. கம்பெனிப் பணத்தில் நடக்கும் மதிப்பீட்டுக்கு ஊர்க் கூட்டத்தில் வாசிக்க வேண்டும் என்ற கட்டாயம் எந்த விதியிலும் இல்லை. கேட்டுத்தான் வாங்க வேண்டும். கேட்பதற்குச் சரியான நேரம் நீங்கள் ஆறு பேரைக் கொடுப்பதற்கு முன்புதான். கொடுத்த பிறகு கேட்டால் மின்னஞ்சலுக்குப் பதில் வராது.

வாயனசாலைச் செயலர், கொழிஞ்சாம்பாறை

எழுதிய அனைவருக்கும் நன்றி. எல்லாவற்றையும் அச்செடுத்துக் கமிட்டியில் வாசித்தேன். தையல் இயந்திரப் பத்தி வந்தபோது பயிற்சிக்குப் போன இரண்டு பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நான் மேற்கொண்டு கேட்கவில்லை.

நிறுவனத்துக்குப் பதில் எழுதினோம். முத்திரையின் பொருள் என்ன என்று கேட்டதற்கு, தாங்கள் தனிக் கம்பெனி என்றும் பல்கலைக்கழகத்தோடு ஒப்பந்தம் மட்டும் உண்டு என்றும் நேர்மையாகவே பதில் வந்தது. மாஷ் சொன்ன இரண்டாவது வகை. படிவத்துக்கு இவ்வளவு என்று இல்லாமல் நாள் கூலி என்பதற்கு ஒப்புக்கொண்டார்கள். எங்கள் பிள்ளைகள் பெருமாட்டிக்கும் பட்டஞ்சேரிக்கும் போவார்கள். அங்குள்ளவர்கள் இங்கே வருவார்கள். இதைக் கேட்டதும் அவர்களுக்கே பிடித்துவிட்டது, போக்குவரத்துச் செலவைப் பற்றி மட்டும் கொஞ்சம் இழுத்தார்கள். கேள்வி கேட்பவர்களின் பெயர்களை அறிக்கையில் போடுவதற்கும் சரி என்றார்கள். அறிக்கையை வாயனசாலையில் தமிழில் வாசித்துக் காட்ட வேண்டும் என்பதற்கு மட்டும் ‘எங்கள் வாடிக்கையாளரைக் கேட்டுச் சொல்கிறோம்’ என்று எழுதியிருக்கிறார்கள். இன்னும் சொல்லவில்லை. அந்தப் பதில் வராமல் ஆறு பேரின் பெயர்ப் பட்டியலைக் கொடுப்பதில்லை என்று கமிட்டி தீர்மானம் போட்டிருக்கிறது. மூன்று பேர் எதிர்த்தார்கள். பிள்ளைகளின் நாலு நாள் கூலி வீணாகிறது என்பது அவர்கள் வாதம். அதுவும் நியாயம்தான்.

இதற்கிடையில் தமிழ்ப் படிவத்தை முன்கூட்டியே அனுப்பிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பார்த்தோம். வெள்ளம் இல்லை, தண்ணீர்தான் வருகிறது. பதினான்காவது கேள்வியில் மட்டும் தடுக்கி நிற்கிறோம். ‘உங்கள் வாழ்வாதாரத்தில் ஏற்பட்ட மாற்றம் என்ன?’ என்று இருக்கிறது. வாழ்வாதாரம் என்று எங்கள் ஊரில் மேடையில் பேசுகிறவர்கள்தான் சொல்வார்கள். ‘தொழில்’ என்றால் கூலிக்குப் போகிறவர்கள் தங்களுக்குத் தொழில் இல்லை என்பார்கள். ‘வருமானம்’ என்றால் ரேஷன் கார்டு நினைவுக்கு வந்து பாதியாகச் சொல்வார்கள். என்ன எழுதலாம்?

பீர்மேடு லயம்

‘பிழைப்பு’ என்று எழுதுங்கள். ‘முன்னைக்கு இப்போது பிழைப்பு எப்படி இருக்கிறது?’

படிவக்காரி

பிழைப்புதான் சரி. அந்தப் பாட்டிக்கும் புரியும். ஆனால் பதிலுக்குக் கட்டம் போடாமல் நான்கு வரி இடம் விடச் சொல்லுங்கள்.